ராமநாதபுரம் கடற்கரைக் கல்லூரியில் பாடம் எடுக்க வருகிறீர்களா? முதல் வருடத்துக்கான வழிகாட்டி

ஒவ்வொரு ஜூன் மாதமும் மதுரை, திருச்சி, நெல்லைப் பக்கமிருந்து முதுகலை முடித்து, கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட்டோ (தேசிய அளவு) செட்டோ (மாநில அளவு) தேறிய பலர் எங்கள் மாவட்டத்துக் கல்லூரிகளில் வேலைக்குச் சேருகிறார்கள். ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம், திருவாடானை, கடலாடி என்று எந்த ஊராக இருந்தாலும் தீபாவளி நெருங்கும்போது ஆசிரியர் அறையில் ஒரே பேச்சுத்தான் கேட்கும். "பசங்க வரவே மாட்டேங்கிறாங்க. வந்தாலும் தூங்குறாங்க. அசைன்மென்ட் எல்லாம் காப்பி." பொங்கலுக்குள் சிலர் ஊருக்கே திரும்பிவிடுவார்கள்.

நான் வணிகவியல் எடுக்கிறேன். சேர்ந்த புதிதில் எதை எப்போது செய்ய வேண்டும் என்று சொல்லித்தர ஆள் இல்லாமல், ஒவ்வொன்றையும் சிரமப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம். செய்ய வேண்டியவற்றை வரிசையாகத் தருகிறேன்.

1. சேருவதற்கு இரண்டு மாதம் முன்பே சான்றிதழ்களைத் திரட்டுங்கள்

தகுதியில் சிக்கல் இல்லை என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், கிரீமிலேயரில் வராத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட், செட், ஸ்லெட் (இதுவும் மாநிலத் தகுதித் தேர்வுதான்) இவற்றில் ஒன்று குறைந்தபட்சத் தகுதி என்று பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஜூலையில் விதியைத் திருத்தியது. தனியார் கல்லூரிகளில் இது இல்லாமலும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் பின்னால் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது அங்கேதான் சிக்கும்.

பத்தாம் வகுப்பிலிருந்து முதுகலை வரை எல்லா மதிப்பெண் பட்டியலும், பட்டமளிப்புச் சான்றிதழும் (தற்காலிகச் சான்றான புரவிஷனலோடு நிறுத்திவிடாதீர்கள்), நெட் அல்லது செட் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், பான், வங்கிக் கணக்குப் புத்தகம், ஏற்கெனவே வேலை பார்த்திருந்தால் பணி விடுவிப்பு ஆணை, அனுபவச் சான்றிதழ். இவற்றில் மூன்று செட் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பலரும் கோட்டை விடுவது உண்மைத்தன்மைச் சான்றில்தான். உங்கள் பட்டம் அசல்தான் என்று பல்கலைக்கழகமே தரும் சான்று அது. கட்டணம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். பணத்தை விட நாள்தான் அதிகம் பிடிக்கும், வாரக்கணக்கில் இழுக்கும். கல்லூரி கேட்டபிறகு விண்ணப்பித்தால் சம்பளப் பட்டியலில் பெயர் ஏறுவதே தள்ளிப்போகும். மே மாதத்திலேயே போட்டுவிடுங்கள்.

இன்னொன்று: அசல் சான்றிதழ்களைக் கல்லூரியில் ஒப்படைக்கச் சொன்னால், சரிபார்த்துவிட்டுக் கையோடு திருப்பித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். வைத்துக்கொண்டே ஆக வேண்டும் என்றால், எந்தெந்தச் சான்றிதழ் என்று பட்டியலிட்டு முத்திரையும் கையெழுத்தும் உள்ள ரசீது வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

2. சம்பளத்தை எழுத்தில் வாங்குங்கள்

அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக வந்தால், சில ஆண்டுகளாக மாதம் 25,000 ரூபாய் மதிப்பூதியம். அதுவும் வருடத்துக்கு 11 மாதம்தான். மே மாதத்தில் வருமானம் இருக்காது என்று வைத்துத்தான் வீட்டுக் கணக்குப் போட வேண்டும். கல்வியாண்டின் தொடக்கத்தில் முதல் மதிப்பூதியம் தாமதமாகவும் வரும். குறைந்தது இரண்டு மாதச் செலவுக்குக் கையிருப்போடு வாருங்கள்.

தனியார் கல்லூரி என்றால் நான்கு கேள்வி கேளுங்கள். பி.எஃப். பிடிக்கிறார்களா? மே மாதச் சம்பளம் உண்டா? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு? மாணவர் சேர்க்கைக்கு ஊர் ஊராக அனுப்புவார்களா? நான்காவதைப் பலர் கேட்பதே இல்லை. கோடை வெயிலில் கிராமம் கிராமமாக நோட்டீஸோடு அலையும்போதுதான் தெரியவரும்.

3. வீடு பார்க்கும்போது தண்ணீரையும் பஸ்ஸையும் பாருங்கள்

ராமநாதபுரம் நகரத்தில் தங்கினால் கீழக்கரை சுமார் 17 கிலோமீட்டர், ராமேஸ்வரம் சுமார் 55 கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி, தேவிபட்டினம் ஒரு பக்கம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி இன்னொரு பக்கம். நகரத்திலிருந்து எல்லாப் பக்கமும் பஸ் கிடைக்கும். கிராமத்துக் கல்லூரி என்றால் மாலை நேரத்து பஸ் எத்தனை மணிக்கு என்று அங்கேயே படிக்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள், அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.

இந்தக் கடற்கரையில் நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. வீட்டுக்காரரிடம் "காவிரித் தண்ணி வருதா, எத்தனை நாளைக்கு ஒருமுறை?" என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். தண்ணீரை விலைக்கு வாங்க வேண்டிய தெரு என்றால் அந்தச் செலவையும் வாடகையோடு கூட்டிப் பாருங்கள்.

4. முதல் வாரத்திலேயே ஒரு அட்டை எழுதி வாங்குங்கள்

முதல் வகுப்பில் பாடத்தைத் தொடங்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன அட்டை கொடுத்து இவற்றை எழுதச் சொல்லுங்கள்: பெயர், இனிஷியல், ஊர், எந்த பஸ்ஸில் வருகிறார்கள், பள்ளியில் தமிழ் வழியா ஆங்கில வழியா, வீட்டில் என்ன தொழில், கொடுத்திருக்கும் போன் நம்பர் யாருடையது.

கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தேர்வு அறிவிப்பைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. பல பெண்பிள்ளைகள் தருவது அண்ணன் நம்பர், அல்லது வெளிநாட்டில் இருக்கும் வாப்பாவின் நம்பர். செய்தி துபாய்க்குப் போய், இரவு வீட்டுக்குப் பேசும்போது அவர் சொல்லி, மறுநாள்தான் பிள்ளைக்குத் தெரியும். குழுவில் போடுவதையெல்லாம் பலகையிலும் எழுதுங்கள்.

பஸ் விவரம் கையில் இருந்தால் இன்னொரு சண்டையும் மிச்சம். முதல் மணி நேரத்துக்கு ஒரே ஊர்க்காரர்கள் ஐந்து பேர் சேர்ந்து தாமதமாக வந்தால், பஸ் தாமதம். ஒருவர் மட்டும் தினமும் தாமதம் என்றால் தனியே கூப்பிட்டுப் பேச வேண்டிய விஷயம். கடைசி மணி நேரத்தைப் பத்து நிமிடம்கூட நீட்டாதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில் பஸ்ஸை விட்ட பிள்ளை இருட்டிய பிறகுதான் வீடு போய்ச் சேரும். அடுத்த வாரமே "காலேஜ் வேண்டாம்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள்.

5. கடலையும் திருவிழாவையும் பார்த்துப் பாடத்திட்டம் போடுங்கள்

பல்கலைக்கழக அட்டவணை ஒன்று உண்டு. ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. ஜூனில் தொடங்கும் பருவத்துக்கு நவம்பரில் தேர்வு, டிசம்பரில் தொடங்குவதற்கு ஏப்ரலில் தேர்வு. அதை மட்டும் நம்பி ஒரு பாடத்தின் ஐந்து யூனிட்டையும் மாதத்துக்கு ஒன்றாகப் பிரித்தால் கடைசி யூனிட் நிச்சயம் தொங்கும். இந்த மாவட்டத்துக்கு என்று தனி நாட்காட்டி இருக்கிறது.

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகள் கரையில் நிற்கும். கையில் காசு இல்லாத அந்த மாதங்களின் முடிவில்தான் கல்லூரிக் கட்டணம் கட்டும் நாள் வருகிறது. அரசு தரும் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அதில் அரிசி வாங்குவதா, வலை வாங்குவதா, கட்டணம் கட்டுவதா? ஜூன் கடைசியில் வகுப்பு பாதி காலியாக இருந்தால் அது படிப்பில் அக்கறையின்மை கிடையாது. படகு கடலுக்குப் போய், ஓரிரு முறை நல்ல மீன்பாடு கிடைத்தபிறகு பிள்ளைகள் வருவார்கள். முதல் இரண்டு வாரப் பாடத்தை ஜூலையில் ஒருமுறை திரும்ப எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் குருபூஜை. இரண்டையும் ஒட்டிச் சில நாள் மாவட்டம் முழுக்கப் போக்குவரத்துக் கட்டுப்பாடு இருக்கும், பஸ் வழி மாறும். அந்த வாரங்களில் தேர்வு வைக்காதீர்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேஸ்வரம், தேவிபட்டினம், சேதுக்கரை பஸ்ஸில் ஏறவே இடம் இருக்காது. மார்கழியில் உத்தரகோசமங்கை ஆருத்ரா தரிசனம், மாசிப் பக்கம் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா, ஏர்வாடி சந்தனக்கூடு, ரமலான் நோன்பு என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கூட்டம் விடுப்பில் போகும். கீழக்கரையில் வெள்ளிக்கிழமை நடுப்பகலில் ஜும்ஆ தொழுகை. அந்த நேரத்துக்குத் தேர்வோ கூட்டமோ போடக்கூடாது.

அக்டோபர் கடைசியில் வாடைக்காற்றோடு மழை வந்துவிட்டால் எந்த நாள் விடுமுறை என்று காலையில்தான் தெரியும். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் தீவுப் பிள்ளைகள் வருவார்கள் என்று எதிர்பார்க்கவே வேண்டாம். ஆகவே நான் கடைப்பிடிப்பது இது: செப்டம்பர் முடிவதற்குள் நான்கு யூனிட் முடிந்திருக்க வேண்டும். ஐந்தாவதை அக்டோபர் முதல் பாதியில் எடுத்துவிட வேண்டும். மழையில் மிஞ்சும் நாள் எல்லாம் பழைய வினாத்தாள் போட்டுப் பார்க்கத்தான்.

6. வருகைப்பதிவு: கணக்கை முன்கூட்டியே சொல்லுங்கள்

தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். இதை எல்லா ஆசிரியரும் சொல்வார்கள், பிள்ளைகளும் தலையாட்டுவார்கள். சதவீதமாகச் சொன்னால் மனதில் ஏறாது, நாளாகச் சொல்லுங்கள். பருவத்துக்கு 90 வேலை நாள் என்றால் 68 நாள் வர வேண்டும், 22 நாள் போடலாம். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 90 நாள் என்பது 18 வாரம். வாரத்துக்கு ஒரு நாள் கடலுக்குப் போனால் 18 போயிற்று. காய்ச்சல், கல்யாணம், துக்கம் எல்லாவற்றுக்கும் சேர்த்து மிச்சம் நான்கு நாள். இந்தக் கணக்கைப் பலகையில் போட்டு, அவரவர் நோட்டில் எழுத வையுங்கள்.

கடலுக்குப் போகும் பையன்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் பெஞ்சில் ஒருவன் முதல் மணி நேரமே கவிழ்ந்து தூங்குவான். எழுப்பினால் எழுந்து நிற்பான், கண் சிவந்திருக்கும். நோட்டைப் பிடித்திருக்கும் விரல்களைப் பாருங்கள். சுண்டு விரலுக்குப் பக்கத்தில் நைலான் நரம்பு அறுத்த மெல்லிய கோடுகள் இருக்கும், சிலது ஆறியும் சிலது புதிதாகவும். இரவு முழுக்க வலை இழுத்துவிட்டு, கரைக்கு வந்து குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு நேராகக் கல்லூரிக்கு வந்திருக்கிறான். வீட்டில் படுத்திருக்கலாம், ஆனாலும் வந்திருக்கிறான். அவனை எழுப்பி நிற்க வைத்து அவமானப்படுத்தினால் அடுத்த வாரம் வரமாட்டான். ஒரு மணி நேரம் தூங்கட்டும், இரண்டாம் மணி நேரம் கேள்வி கேளுங்கள்.

ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் பொதுவாகத் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில்தான் மீன்வளத் துறையிடம் அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும். போனது மறுநாள் கரைக்கு வரும். திங்கள் போகிறவனுக்கு இரண்டு வகுப்பு நாள் கெடும். சனி போகிறவன் ஞாயிறு வந்து தூங்கிவிட்டுத் திங்கள் வகுப்பில் உட்காருவான். "தம்பி, போறதுன்னா சனிக்கிழமை மட்டும் போ" என்று சொல்லுங்கள். முடிந்தால் அவன் அப்பாவிடமும் சொல்லுங்கள். நான் பேசிய அப்பாக்களில் கோபப்பட்டவர் யாரும் இல்லை. "ஆள் கிடைக்கல சார், அதான் கூட்டிட்டுப் போனேன். இனிமே சனிக்கிழமை பாத்துக்கிறேன்" என்பார்கள். படிக்கட்டும் என்று நினைத்துத்தான் அனுப்புகிறார்கள்.

படகு பிடிபட்டு ஆட்கள் இலங்கைச் சிறையில் இருக்கும் நாட்களும் உண்டு. மீனவர் வேலைநிறுத்தம் நடக்கும், சில வீடுகளில் அடுப்பு எரியாது. அந்த ஊர்ப் பிள்ளையிடம் வகுப்பில் எல்லோர் முன்னாலும் "ஏன் வரல?" என்று கேட்காதீர்கள். மதியம் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். துறைத் தலைவரிடம் காரணத்தை எழுதிக் கொடுத்து வையுங்கள். வருகைக் குறைவுக்கு மன்னிப்பு கேட்டுக் கட்டணம் கட்டும் நேரத்தில் அந்தக் காகிதம்தான் உதவும்.

சரி, எல்லா விடுப்பும் கடல்தானா என்றால் இல்லை. ஒரே பாட்டிக்குப் பருவத்துக்கு இரண்டு முறை கருமாதி நடக்கும். "ஓ.டி. சார், என்.எஸ்.எஸ். கேம்ப்" என்று, கல்லூரி வேலையாகப் போனதாகச் சொல்லி வருவான், முகாம் நடந்ததே இராது. தெருமுனை டீக்கடையில் அவனைப் பார்த்த இன்னொருவன் வகுப்பில் அடக்க முடியாமல் சிரிப்பான், நமக்கும் சிரிப்பு வரும். சிரித்துவிட்டு விடுப்புக் கடிதத்தைக் கேளுங்கள். என் விதி எளிமையானது: காரணம் எதுவானாலும் கடிதம் வேண்டும், தேதியோடு, பெற்றோர் கையெழுத்தோடு, மூன்று வேலை நாளுக்குள். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள். மாதக் கடைசியில் ஒவ்வொருவரும் இன்னும் எத்தனை நாள் போடலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். நவம்பரில் வந்து அழும் கூட்டம் பாதியாகக் குறையும்.

வராதவனுக்காக இன்னொருவன் பிராக்ஸி சொல்வதைத் தடுக்கக் குரலை நம்பாதீர்கள். பெயர் கூப்பிடும்போது முகத்தைப் பாருங்கள். ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள், இனிஷியலோடு கூப்பிடுங்கள்.

7. "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள்

கேட்டால் அறுபது பேரும் ஒரே குரலில் "புரிஞ்சுது சார்" என்பார்கள். "டவுட் இருக்கா?" என்றால் மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும். இது எல்லா ஊருக்கும் பொது. இங்கே கூடுதலாக ஒன்று: பெரும்பாலோர் தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வழிப் பட்டப்படிப்பில் உட்கார்ந்திருப்பவர்கள். கேள்வி கேட்டால் ஆங்கிலத்தில் கேட்க வேண்டுமோ என்று பயந்தே வாயை மூடிக்கொள்வார்கள். தமிழில் கேட்கலாம், தமிழில் பதில் சொல்லலாம் என்று முதல் நாளே சொல்லுங்கள். விளக்கத்தைத் தமிழில் கொடுத்து, தேர்வில் எழுத வேண்டிய வரியை ஆங்கிலத்தில் பலகையில் எழுதிப் போடுங்கள்.

புரிந்ததா என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கைக் கொடுத்து ஐந்து நிமிடம் வகுப்புக்குள் நடங்கள். யார் நோட்டில் என்ன நிற்கிறது என்பது உண்மையைச் சொல்லிவிடும்.

நான் கூட்டாண்மைக் கணக்கைப் பங்கிலிருந்துதான் தொடங்குவேன். "படகு கரைக்கு வந்து மீன் விற்ற காசை எப்படிப் பிரிப்பீங்க?" என்று கேட்டால் போதும். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிப்பது, மிச்சத்தில் படகுக்கு எவ்வளவு, ஆட்களுக்கு எவ்வளவு, வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்தை எங்கே கழிப்பது என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து விளக்குவான். அதுவரை வாய் திறக்காதவன். ஊருக்கு ஊர் பங்கு வேறுபடும், உடனே பக்கத்து ஊர்க்காரன் மறுப்பான், வகுப்பே சண்டைக்கு நிற்கும். அந்தச் சண்டையில் செலவு எது, பொறுப்பு எது, லாபப் பகிர்வு எது என்று பலகையில் பிரித்து எழுதினால் பாடப்புத்தகத்தின் முதல் இருபது பக்கம் முடிந்தது. இயந்திரத் தேய்மானமும் அப்படித்தான். உப்புக் காற்றில் எஞ்சின் எத்தனை வருடம் தாங்கும் என்று அவர்களுக்கு நம்மை விட நன்றாகத் தெரியும்.

போனைப் பிடுங்கி மேசையில் வைக்கும் பழக்கம் வேண்டாம். உடைந்தாலோ தொலைந்தாலோ பொறுப்பு உங்கள் தலையில். பையில் போடச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் துறைத் தலைவரிடம் விடுங்கள்.

8. அசைன்மென்ட்: காப்பியடிக்க முடியாத கேள்வியாகக் கேளுங்கள்

உள்மதிப்பீடு 25, பருவத் தேர்வு 75. அந்த 25க்குள் வரும் அசைன்மென்டில்தான் ஆசிரியரின் பொறுமை கரையும். அறுபது கட்டு மேசையில் இருக்கும். முதல் நோட்டில் ஒரு சொல்லைத் தவறாக எழுதி அடித்துப் பக்கத்தில் திருத்தியிருப்பான். பதினோராவது நோட்டிலும் அதே சொல், அதே அடித்தல், அதே திருத்தம். பேனா மை மட்டும் வேறு நிறம். அடித்ததையும் பாடத்தின் பகுதி என்று நினைத்துப் பார்த்து எழுதியிருக்கிறாள். இன்னொன்றில் முகப்பில் ஒரு பெயர், மூன்றாம் பக்கத்தின் தலையில் நண்பனின் ரோல் நம்பர். சிரிப்பு வருவது இயல்பு. ஆனால் நேர்மையாகப் பார்த்தால், வரையறையும் நன்மை தீமையும் கேட்டால் வேறு எதை எழுதுவார்கள்?

கேள்வியை மாற்றுங்கள். உங்கள் தெருவில் உள்ள ஒரு கடையின் ஒரு நாள் வரவு செலவை எழுது. ஏலக்கூடத்தில் ஒரு மணி நேரம் நின்று, ஒரு கூடை நண்டு எந்த விலைக்குத் தொடங்கி எந்த விலைக்கு முடிந்தது என்று குறித்து வா. உன் அம்மாவின் மகளிர் சுயஉதவிக் குழுவில் கடன் எப்படித் திருப்பிக் கட்டப்படுகிறது என்று எழுது. விலங்கியல் எடுப்பவர்கள் சந்தையில் பார்த்த ஐந்து மீனை ஊர்ப் பெயரோடு கேட்கலாம். தமிழாசிரியர்கள் காற்றின் பெயர்களைக் கேட்டால் கச்சான், வாடை என்று தொடங்கி நமக்கே தெரியாதது வரும். இரண்டு பக்கம் போதும். கையால் எழுத வேண்டும். பிறகு ஒவ்வொருவரிடமும் இரண்டு நிமிடம், எழுதியதிலிருந்து ஒரு கேள்வி. இதற்கு ஒரு வாரம் பிடிக்கும், அட்டவணையிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

கடைசித் தேதியை மட்டும் அறிவித்தால் போதாது. தாமதத்துக்கு எத்தனை மதிப்பெண் குறையும் என்பதையும் முதல் மாதமே எழுதி ஒட்டி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிறகு யாருக்காகவும் மாற்றாதீர்கள். ஒருவருக்கு மாற்றினால் மாலைக்குள் மொத்த வகுப்பும் வாசலில் நிற்கும்.

9. உதவித்தொகையும் தேர்வுக் கட்டணமும்

வகுப்புப் பொறுப்பாசிரியர் என்று உங்கள் பெயரைப் போட்டால் இந்த வேலையும் உங்களுக்குத்தான். அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ 6 முதல் 12 வரை படித்த பெண்பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், அதே போல ஆண்பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன். பெண்களுக்கு 2022 முதலும் ஆண்களுக்கு 2024 முதலும் வருகிறது. பல வீடுகளில் பஸ் செலவும் தேர்வுக் கட்டணமும் இந்தப் பணத்தில்தான் நடக்கிறது, ஆகவே அலட்சியம் வேண்டாம்.

பணம் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இவைதான்: வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்கப்படவில்லை, கணக்கு இயக்கமில்லாமல் முடங்கிவிட்டது, ஆதாரில் ஒரு இனிஷியல் மதிப்பெண் பட்டியலில் வேறு இனிஷியல், ஓ.டி.பி. போகும் நம்பரை மாற்றிவிட்டார்கள், உயர்கல்வி மாணவர் விவரங்களைப் பதியும் அரசு இணையதளமான யூமிஸில் விவரம் தப்பு. ஜூலை முதல் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கி ஐந்தையும் வரிசையாகச் சரிபாருங்கள். திருத்தம் வேண்டியவர்களை அதே வாரம் இ-சேவை மையத்துக்கும் வங்கிக்கும் அனுப்புங்கள். பெயர் திருத்தத்துக்கு நாள் பிடிக்கும், கடைசி நேரத்தில் நடக்காது.

தேர்வுக் கட்டணத்துக்கு அபராதம் இல்லாத கடைசி நாளை ஒரு வாரம் முன்னதாகவே வகுப்பில் அறிவியுங்கள். எப்படியும் நான்கைந்து பேர் கடைசி நாள் மாலை வருவார்கள். நீங்கள் சொன்ன நாளில் வந்தால் அபராதம் தப்பும்.

10. விடைத்தாளின் தலைப்பகுதி

எங்கள் பக்கத்து விடைத்தாளைப் புரட்டினால் ஒருவர் பிள்ளையார் சுழி போட்டிருப்பார், அடுத்தவர் 786, அதற்கடுத்தவர் சிலுவை. மூன்றும் பக்கத்துப் பக்கத்துப் பெஞ்சிலிருந்து வந்தவை. கல்லூரித் தேர்வில் நான் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் பல்கலைக்கழகத் தேர்வில் விடைத்தாளுக்குள் எந்த அடையாளக் குறியும், திருத்துபவருக்கு வேண்டுகோளும் இருக்கக் கூடாது. "மனசுல வேண்டிக்கோங்க, தாள்ல வேண்டாம்" என்று தேர்வுக்கு முந்தைய வகுப்பில் சொல்லிவிடுங்கள். "ஒரே பேப்பர்தான் பாக்கி, பாஸ் போட்டுவிடுங்க சார்" என்று கடைசிப் பக்கத்தில் எழுதும் பழக்கத்தையும் அப்போதே கண்டியுங்கள்.

விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் பணி நியமன ஆணை நகல், கல்லூரி அடையாள அட்டை, வங்கி விவரம் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். நகரத்திலிருந்து காரைக்குடிக்குத் தினமும் போய் வருவது களைப்பு. கூடப் போகும் ஆசிரியர்களோடு சேர்ந்து அங்கேயே அறை எடுத்தால் செலவும் குறையும், திருத்துவதும் நிதானமாக நடக்கும்.

11. ஏப்ரல் முடிவதற்குள்

கடைசி வேலை நாளுக்கு முன்பே அந்த ஆண்டுக்கான அனுபவச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். பாடம், பணி வகை, சேர்ந்த தேதி, முடிந்த தேதி நான்கும் இருக்க வேண்டும். ஆசிரியர் தேர்வு வாரியத்துக்கு விண்ணப்பிக்கும்போது தனியார் கல்லூரி அனுபவத்துக்குக் கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநரின் மேலொப்பம் கேட்பார்கள். நமக்கு அது மதுரை அலுவலகம். அறிவிப்பு வந்தபிறகு போனால் அங்கே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். மே மாதத்தில் கூட்டம் குறைவு. போகும்போது நியமன ஆணை, சம்பளம் வந்த வங்கிக் கணக்கு அறிக்கை, கல்வித் தகுதிச் சான்றுகளின் நகல் எல்லாவற்றையும் இரண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றை அலுவலகத்தில் வைத்துக்கொள்வார்கள்.